மர மேஜையில் ஒரு சொட்டு

புணே
டிசம்பர் 8, 2003

பூஜ்ய காளிந்திபென்,

ஜெய் ஸ்ரீ கிருஷ்ண. போனில் பேசினால் நீங்கள் உடனே மௌனமாகிவிடுவீர்கள், நான் கத்த ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் கடிதம். கடிதத்தில் உங்கள் மௌனம் எனக்குக் கேட்காது.

பரிமலின் வருஷத் திதிகூட வராத நிலையில் நான் பாவ்நகரை விட்டுக் கிளம்பியது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அன்று உங்கள் சித்தி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கேட்கவேண்டும் என்றே, "கட்டின வெள்ளப் பொடவை கசங்கல, அதுக்குள்ள பொட்டி கட்டிட்டா பாரு" என்றார். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. "சும்மா இரு சித்தி" என்றும் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டிக்காக அந்த ஒரு வார்த்தையைச் செலவழித்திருக்கலாம். சரி, விடுங்கள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவர் லிமயே. அவர் என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தியபோது என் பட்டத்தைச் சொல்லவில்லை, என் பெயரைக்கூடக் கடைசியில்தான் சொன்னார். "கரண்ட்டை நிறுத்தினாலும் விழாத கோல்கள்னு ஒரு கட்டுரை வந்துச்சே, அந்தப் பரிமல் ஓஜாவோட மனைவி" என்றார். எனக்கு வேலை கொடுத்ததே அதற்காகத்தான். உங்கள் ஆய்வகத்தில் பரிமல் செய்ததை நான் இங்கே செய்து காட்டவேண்டும். மார்ச் கடைசியில் பரிசீலனை. காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ராஜ்கோட்டுக்குப் போய் அண்ணன் வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவேண்டும்.

காட்ட முடியவில்லை, பென்.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு சொட்டுத் திரவம், அதில் கண்ணுக்குத் தெரியாத இரும்பு ஆக்சைடுத் துகள்கள். சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் வந்ததும் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரிசையாகின்றன. வரிசைகள் சேர்ந்து கோல்களாகின்றன. யாரும் கைவைக்காமல் தானே கட்டிக்கொள்கிற கட்டடம். இதுவரை எனக்கும் வருகிறது. இது யாருக்கும் வரும். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பரிமலின் கோல்கள் நின்றன. ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுத்த அமிலத்தை அவர் துகள்கள்மேல் பூசியிருந்தார், அந்தப் பூச்சு அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பதுதானே கட்டுரையே. நானும் பூசினேன். என்னுடையவை பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் கலைவதுபோல் கலைந்துபோகின்றன.

அவர் எதையோ எழுதாமல் விட்டிருக்கிறார். அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லுங்கள்.

பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாமியாரை விட்டுவிட்டு வந்தவளுக்கு இதைக் கேட்க உரிமை உண்டா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

ஊர்வி


பாவ்நகர்
டிசம்பர் 19, 2003

ஊர்வி,

கடிதம் கிடைத்தது. சித்திக்குப் பதில் சொன்னால் இன்னும் அதிகம் பேசுவார். அதனால் நான் பேசவில்லை. நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

பரிமல் எதையும் மறைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது. ஆய்வகம் என் பொறுப்பு என்பதால் வந்த பெயர்தான், ஆனாலும் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து லென்ஸ் வழியாகப் பார்த்தபோது கோல்கள் அப்படியே நின்றன. மறுநாளும் நின்றன. பரிமல் நம் ஆய்வக உதவியாளர் கனுபாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "நிக்குது கனுபாய், நிக்குது" என்று குதித்தான். "நிக்கட்டும் சாயேப், என்னை விடுங்க, டீ ஆறிப்போகுது" என்றார் அவர்.

நீ போகும்போது அவன் கையால் தயாரித்த கடைசிப் புட்டியை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாய். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் திரவமும் கலைகிறதா? அது நின்றால் கோளாறு உன் தயாரிப்பில் இருக்கிறது. முதலில் அதைப் பார். எண்ணெய் வேறுபட்டிருக்கலாம். அவன் வாங்கிய அதே செக்கிலிருந்து ஆமணக்கெண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பரிமலின் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. வருகிறவர்களுக்கு அவன் பெயர் அச்சாகியிருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறார். கண்ணாடியில் அந்த இடம் மட்டும் மங்கிவிட்டது.

காளிந்தி


புணே
ஜனவரி 6, 2004

பூஜ்ய காளிந்திபென்,

புட்டியை நான் திருடவில்லை. அவர் வேட்டி சட்டைகளைப் பங்கு போட்டபோது எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அதைத் திறக்கக்கூடாது என்று வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்தபிறகு திறந்தேன். அவர் கையால் செய்த திரவம். ஒரு சொட்டு வைத்து, மின்சாரம் கொடுத்து, கோல்கள் எழுந்ததும் நிறுத்தினேன். கலைந்துவிட்டது. மூடியை இறுக்கி அலமாரியில் வைத்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆகவே என் தயாரிப்பில் கோளாறு என்று இனிமேல் எழுதவேண்டாம்.

நீங்கள் அனுப்பிய எண்ணெயிலும் செய்து பார்த்தாயிற்று. பாவ்நகர்த் தண்ணீரின் உப்புதான் காரணமோ என்று உப்புப் போட்டும் பார்த்தேன். லிமயே நேற்று எல்லோர் முன்னாலும், "என்ன மேடம், உங்க பாவ்நகர்ல மட்டும் இயற்பியல் வேற மாதிரியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

திரவம் அதேதான். கண்ணாடி அதே கம்பெனி. சுருளும் அதே அளவு. மிச்சம் இருப்பது, நுண்ணோக்கிக்குக் கீழே சொட்டை வைக்கிற அந்தத் தகடு ஒன்றுதான். அலங்கில் உடைத்த கப்பலிலிருந்து வாங்கியது. நல்ல கனம். சூட்டை அதிக நேரம் பிடித்துவைத்திருக்குமோ, அந்தச் சூட்டில்தான் பூச்சு இறுகுகிறதோ என்று யோசிக்கிறேன். அதை எனக்கு அனுப்புங்கள். கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்வி


பாவ்நகர்
ஜனவரி 20, 2004

ஊர்வி,

அவன் புட்டியும் கலைந்தது என்பது எனக்குப் புரியவில்லை. உன்மேல் சந்தேகப்படவில்லை. புரியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தகட்டில் ஒன்றும் இருக்க வாய்ப்பில்லை. அதைப் பரிமல் வாங்கிய அன்று நானும் கனுபாயும் கூடவே இருந்தோம். காந்தம் ஒட்டாத அலுமினியத் தகடு வேண்டும் என்று கல்லூரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தான். வரவில்லை. பிறகு இந்த ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான், அலங் சாலைக் கடைகளுக்குப் போனான். நம் வீட்டுக் குளியலறைக் கதவுகூட ஏதோ ஒரு கப்பலுடையதுதானே. சட்டைப்பையில் காந்தத்தோடுதான் வந்திருந்தான். ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்தான். கடைக்காரர் பொறுமை இழந்து, "சாயேப், இது கப்பல் கிச்சன் தகடு. இதுல காந்தம் ஒட்டினா என் மீசையைச் செரைச்சுக் கையில குடுத்துடறேன்" என்றார். ஒட்டவில்லை. கொஞ்சம் வளைந்திருந்தது. கனுபாய் பட்டறையில் வைத்துச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்.

அவ்வளவு பெரியதைக் கூரியர்காரர் எடுக்கமாட்டேன் என்கிறார். நடுப்பகுதியை மட்டும் வெட்டித்தரச் சொல்லி கனுபாயிடம் கேட்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாகவேண்டும். அங்கே வெற்றி கிடைத்தால் புதிய கட்டுரை எழுதுவீர்கள். அதில் யார் பெயர் முதலில் வரும்?

உத்தராயணம் வந்துபோயிற்று. பா மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட்டார், நாங்கள் பட்டம் விட மேலே போகவில்லை. இருந்தும் மறுநாள் அறுந்த பட்டம் ஒன்று துளசித் தொட்டியில் விழுந்துகிடந்தது. பா அதை எடுக்கவும் விடவில்லை.

காளிந்தி


புணே
பிப்ரவரி 5, 2004

பூஜ்ய காளிந்திபென்,

அவர் பெயர் முதலில் வரும். போதுமா? என் பெயர் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு மாதச் சம்பளமும், "இவளுக்கு வேலை தெரியாது" என்கிற பேச்சிலிருந்து விடுதலையும்தான் வேண்டும்.

தகடு ஏன் வரவில்லை? ஒரு துண்டு வெட்ட இவ்வளவு நாளா? லிமயே தேதி குறித்துவிட்டார். நேற்று என் அறை வாசலில் நின்று, "பழைய கட்டுரையிலயே ஏதாவது தில்லுமுல்லு இருக்குமோ?" என்று கேட்டார். யாரைச் சொல்கிறார் என்று புரிந்தது. "பரிமல் கடைக்காரன் தப்பாக் குடுத்த சில்லறையைக்கூட வெயில்ல நடந்துபோய்த் திருப்பிக் குடுக்கற ஆளு" என்றேன். "நல்லவங்கதான் மேடம் தப்புப் பண்ணாத் தெரியாது" என்றார்.

அந்த ஆளுக்கு முன்னால் கோல்கள் நின்றாகவேண்டும். சீக்கிரம்.

ஊர்வி


பாவ்நகர்
பிப்ரவரி 11, 2004

ஊர்வி,

தகட்டை அனுப்ப இயலாது. வேறு வழி பார்.

காளிந்தி


புணே
பிப்ரவரி 17, 2004

காளிந்திபென்,

ஒரு வரி. ஒரு தந்தி அடிப்பவர்கூடக் காரணம் சொல்வார்.

எனக்குக் காரணம் தெரியும். தம்பி உங்களுக்கு மட்டும் சொந்தம். அவன் புகழ் அந்த ஆய்வகத்துக்குள்ளேயே, அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். நான் தொட்டால் தீட்டு. கல்யாணமான நாளிலிருந்து இதுதான். அவருக்குக் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட டாக்டர் வந்தால் நீங்கள்தான் எழுந்து நின்றீர்கள். "பேஷன்ட்டுக்கு யாரு வேணும்?" என்று கேட்டால் நீங்கள் சொல்லி முடித்தபிறகுதான் எனக்கு வாய் திறக்க முடிந்தது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் இங்கே தோற்றால் என் வேலை மட்டும் போகாது. பரிமல் பொய்யன் என்று லிமயே ஊரெல்லாம் சொல்வார். அப்போது உங்கள் தகட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

ஊர்வி


பாவ்நகர்
பிப்ரவரி 26, 2004

ஊர்வி,

இந்தப் பெட்டியில் தகட்டின் நடுப்பகுதி இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படி.

சென்ற மாதக் கடைசியில் கனுபாய் தகட்டைக் கழற்றிப் பட்டறை மேஜையில் வைத்தார். அங்கே எப்போதும் இரும்புத்தூள் இறைந்துகிடக்கும். வெட்டும் இடத்தைக் குறிக்கத் தகட்டைத் தூக்கித் திருப்பியவர் சிரித்தார். "பென், இங்க வாங்க. அந்தக் கடைக்காரன் மீசை இங்க வந்து ஒட்டிக்கிச்சு பாருங்க."

ஓரங்களில் ஒன்றுமில்லை. நடுவில், சம்மட்டி பட்ட இடங்களில் மட்டும், இரும்புத்தூள் வட்டம் வட்டமாக நிமிர்ந்து நின்றது. நான் விரலால் தள்ளினேன். படுத்து, மறுபடி எழுந்து நின்றது.

இந்த வகைத் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாது என்பது சரிதான். ஆனால் சம்மட்டியால் அடித்தால் அடிபட்ட இடத்தின் உள்ளமைப்பு மாறிவிடும், அந்த இடம் காந்தத்தை ஏற்கும். இதை நான் வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறேன். பரிமல் தகட்டைச் சோதித்தது நிமிர்த்துவதற்கு முன்னால். நிமிர்த்திய பிறகு நாங்கள் யாரும் சோதிக்கவில்லை. சுருளில் மின்சாரம் பாய்ந்தபோதெல்லாம் அந்த இடங்களும் காந்தமாயின. நிறுத்திய பிறகும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டன. கோல்களைப் பிடித்து நிறுத்தியது அந்த மிச்சம்தான்.

புலத்தை அளக்கவில்லையா என்று கேட்பாய். அளந்தோம். அளக்கும் கருவியின் முனை லென்ஸுக்கும் தகட்டுக்கும் இடையில் நுழையாது. அதனால் தகட்டை எடுத்துவிட்டு, வெறும் சுருளுக்குள் வைத்து அளந்தோம். மின்சாரம் நின்றதும் சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது.

பூச்சே இல்லாத துகள்களை அந்தத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். அவையும் நிற்கின்றன. ஆமணக்குப் பூச்சு ஒன்றும் செய்யவில்லை.

இதை உடனே எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. முதலில் தகடே இங்கிருந்து போகக்கூடாது என்று நினைத்தேன், அதுதான் அந்த ஒரு வரி. பிறகு, ஒன்றும் சொல்லாமல் தகட்டை மட்டும் அனுப்பிவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். நீ வைப்பாய், நிற்கும். உன் வேலை நிரந்தரமாகும், அவன் பெயரும் நிற்கும். யாருக்கும் தெரியாது. பிறகு ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பெண் தன் கோல்கள் கலைவதைப் பார்த்துக்கொண்டு, தன் கையில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

இப்போது இரண்டும் உன்னிடம் இருக்கின்றன, தகடும் இந்தக் கடிதமும். லிமயேவிடம் தகட்டை மட்டும் காட்டுவதென்றால் காட்டு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மௌனம் எனக்கு வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஆஸ்பத்திரியில் நான் முதலில் எழுந்து நின்றது உண்மை. நீ மூன்று நாளாகத் தூங்காதிருந்தாய். நான் எழுந்தால் நீ உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். அது உனக்கு எப்படித் தெரியும் என்பதை யோசிக்கவில்லை.

காளிந்தி


புணே
மார்ச் 29, 2004

பூஜ்ய காளிந்திபென்,

பெட்டி வந்த அன்று கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். பிறகும் தகட்டை எடுத்து வைத்தேன். அவர் புட்டியிலிருந்து ஒரு சொட்டு. மின்சாரத்தை நிறுத்தினேன். நின்றன, பென். அவர் வர்ணித்தது போலவே, காற்றில்லாத வயலில் கதிர்கள் மாதிரி. நான் அன்று வேறு எதையும் செய்யவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை.

பரிசீலனை அன்று லிமயேவுக்கு முதலில் தகட்டின்மேல் காட்டினேன். உண்மையிலேயே கை தட்டினார். "பிரமாதம் மேடம்" என்றார். அப்புறம் அதே கண்ணாடியை, அதே சொட்டை, மர மேஜைக்கு மாற்றினேன். நுண்ணோக்கியையும் நகர்த்தி அவரைப் பார்க்கச் சொன்னேன். கோல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து கலைந்தன. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்ததும், "முதல் பாதியோட நிறுத்தியிருக்கலாமே. எதுக்கு இதை எங்கிட்டக் காட்டினீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் முடியும்வரை சம்பளம் உண்டு. அதன்பிறகு இல்லை. பரிமலைப் பொய்யன் என்று சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மர மேஜை யோசனை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். பரிமல் போவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரியில், கண்ணைத் திறக்காமலே, "ஊர்வி, அந்தச் சொட்டை ஒருதடவை மர மேஜையில வெச்சுப் பாக்கணும்" என்றார். "நீங்களே எழுந்து வந்து பாருங்க" என்றேன். "நீயே பாரேன், என்னவாம்" என்றார். அதற்குள் ஊசி போட நர்ஸ் வந்துவிட்டாள். ஜுரத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அதை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களுடையது மிச்சம்.

தகட்டை மட்டும் திருப்பி அனுப்பவில்லை. ஏப்ரல்வரை நுண்ணோக்கி என்னிடம் இருக்கும். காலையில் வந்ததும் ஒருதடவை பார்க்கிறேன். நிற்கின்றன. ஏன் நிற்கின்றன என்று தெரியும். இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஊர்வி


பாவ்நகர்
ஏப்ரல் 12, 2004

ஊர்வி,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பரிமல் சொன்னதாக நீ எழுதியிருப்பதைப் பலமுறை படித்தேன். மருந்து வாங்கக் கீழே போன நேரம் தவிர நானும் அங்கேதான் இருந்தேன். நான் கேட்கவில்லை. அத்தனை கடிதங்களில் நீயும் இதைச் சொல்லவில்லை. எதையும் இரண்டாம் முறை சோதிக்காமல் நான் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். இதைச் சோதிக்க வழியில்லை. நர்ஸின் பெயரைக் கேட்டு நான் எழுதப்போவதும் இல்லை.

ஆய்வகத்தில் மர மேஜை ஒன்று இருக்கிறது, கனுபாய் டீ வைப்பது. அதைத் துடைத்து, ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். கலைந்தது. அவன் பார்க்கச் சொன்னதைப் பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ ராஜ்கோட்டுக்குப் போகவேண்டாம். மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. இங்கே பெண்கள் கல்லூரியில் ஜூனில் ஓர் இடம் காலியாகிறது, சம்பளம் குறைவு. சித்தி ஏதாவது பேசினால் இந்தமுறை நான் பதில் சொல்கிறேன். வருஷத் திதி ச்ராவண மாதத்தில் வருகிறது. அதற்காகவாவது வா.

பாவிடம் கட்டுரை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நேற்றுச் சுவரிலிருந்து கட்டுரைச் சட்டத்தைக் கழற்ற நாற்காலிமேல் ஏறியபோது சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"எதுக்குடி அதை எடுக்கற?"

"இதுல ஒரு தப்பு இருக்கு பா."

"பரிமல் பண்ணதா?"

"நாங்க எல்லாரும் சேந்து பண்ணது. இனிமே இது செல்லாது."

பா கீழே நின்று என்னையே பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அந்தத் தப்பை யாரு கண்டுபுடிச்சா?"

சட்டம் என் கையில் இருந்தது. கண்ணாடியில் அந்த மங்கிய இடம் கட்டைவிரலுக்கு நேராக வந்திருந்தது.

"அவனேதான்" என்றேன்.

பா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் சட்டத்தைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினேன்.

காளிந்தி